கடற்சாமந்தியை வெட்டிப் பெருக்குதல்

கரும்புக் கரணையையும் முருங்கைப் போத்தையும் வெட்டி நட்டுப் பெருக்குவது குடியானவர்களுக்குப் புதிதன்று. பிராணி வர்க்கத்திலும் இவ்வியல்பு உடையவை சில உண்டு. கடலடிப் பாறையில் பூவைப்போல் விரிந்து நிற்கும் கடற்சாமந்தி அவற்றுள் ஒன்றாகும். வீட்டில் உப்புநீர்க் கண்ணாடித் தொட்டி வைத்து வர்ண மீன் வளர்ப்போர் சிலர், இதனை அறுத்து ஒன்றை இரண்டாக்குகின்றனர். உயிரை அறுப்பது கொடுமை என்பாரும் உளர். கடலிலிருந்து பிடுங்கி வருவதே அதனினும் பெருந்தீங்கு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். ஆயினும், ஜாதி அறியாமல் கத்தியை எடுப்பது எவ்வாற்றானும் தகாது.

விரல்நுனி குமிழ்போல் பருத்திருக்கும் ஜாதி, கடலிலும் தானே இரண்டாகப் பிளந்து பெருகும் தன்மையது. வெட்டுதற்கு ஏற்றது இதுவே. மன்னார் வளைகுடாவில் மணலில் கம்பளம்போல் விரிந்து கிடக்கும் பெருஞ்சாமந்தி அத்தகையதன்று. அதனை அறுத்தால் பெரும்பாலும் அழுகி மடியும். தொட்டிகளில் தானே முளைக்கும் சிறு கண்ணாடிச் சாமந்தியோ கோரைக்கு ஒப்பானது. நறுக்க நறுக்கப் பெருகித் தொட்டி முழுவதையும் கவர்ந்து கொள்ளும்.

வெட்டத்தக்க சாமந்தியும் பல மாதம் அதே தொட்டியில் நிலைத்து, நன்கு இரை எடுத்து, நிறம் மங்காமல் இருத்தல் வேண்டும். அதன் உடலினுள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, வெளிச்சத்தைக் கொண்டு ஆகாரம் சமைத்துத் தருகின்றன. வெளுத்துப்போன சாமந்தி அப்பாசியை இழந்த நோயாளி. அதனை வெட்டுவது கொலையே. புதிய சவரத்தகட்டால், நடுவிலுள்ள வாயின் குறுக்கே ஒரே வீச்சில் அடிப்பாதம்வரை அறுக்க வேண்டும். இரு பாதிகளுக்கும் வாயிலும் பாதத்திலும் பங்கு கிடைக்காவிடில் பிழைப்பது அரிது. அறுத்த பாதிகள் வழவழப்பான நீரைக் கக்கிச் சுருளும். அவற்றைத் தனித்தொட்டியில், ஆயிரம் பங்குக்கு முப்பத்தைந்து பங்கு உப்புள்ள தூய நீரில், நல்ல நீரோட்டத்தில் விட வேண்டும். நீர் இறைக்கும் குழாய்வாயை வலையால் மூடாவிடில் பாதி அதில் சிக்கி அரைபட்டுப் போகும். மயில்துத்தம் கரைத்த கையைத் தொட்டியில் விடலாகாது. செம்பு சிறிதளவே கலந்தாலும் சாமந்திக்கு விஷமாகும். போர்டோக் கலவை தெளிக்கும் தோட்டக்காரர் வீட்டில் இந்த எச்சரிக்கை மிக அவசியம். காயம் சில நாளில் மூடிக்கொள்ளும். வாய் வட்டமாகக் கூடும்வரை இரை கொடுப்பது வீண்.

வெட்டிய மூன்றாம் நாளே பாதியை விற்றுவிடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. வேர் விடாத போத்தை மரமென்று விற்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. போத்து பட்டுப்போனால் வாங்கியவருக்கு ஒரு குழி மட்டுமே நஷ்டம். சாமந்தி அழுகினாலோ நீர் கெட்டு, அத்தொட்டியிலுள்ள மீன்கள் யாவும் ஓர் இரவில் மடியக்கூடும். பாதி தரையைப் பற்றி, இரை விழுங்கி, ஒரு மாதமேனும் கழிந்த பின்னரே விற்க வேண்டும்.

கடலில் ஒரு சாமந்தியைப் பிடுங்குவோர் அதன் வயதை எண்ணுவதில்லை. ஸ்காத்லாந்தில் 1828-இல் ஸர் ஜான் டாலியெல் எடுத்து ஜாடியில் வளர்த்த சாமந்தியொன்று, அவர் 1851-இல் காலமான பின்னும் பிறர் கையில் வளர்ந்து, 1887 வரை உயிருடன் இருந்தது. "பாட்டி" என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றது. அங்கிருந்து உயிரினங்களை எடுப்பது குற்றம். கரையோரக் கிராம அதிகாரிகள் இதனை மீனவருக்கும் தொட்டிக்காரருக்கும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

சாமந்தியோடு வாழும் கோமாளி மீனுக்காகவே பலர் அதனைத் தேடுகின்றனர். தொட்டியில் அம்மீனுக்குச் சாமந்தி இன்றியமையாததன்று. மண்டபத்து மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றனர். மீன் மட்டும் வேண்டுவோர் அத்தகைய பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கினால் போதும். சாமந்தியும் வேண்டுவோர், ஏற்கெனவே தொட்டியில் வளர்ப்பவரிடமிருந்து காயம் ஆறிய பாதியொன்றைக் கேட்டுப் பெறலாம்.