காசு ஒரு கடையில், விளையாட்டு மறு கடையில்

மலேசியப் போட்டி ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

நான் ஈப்போ புந்தோங்கில் கணினி பழுது பார்க்கிறவன். என்னிடம் வருகிற பையன்களில் பலர், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். யாரோ கழித்துப் போட்ட கணினியைச் சரிபார்த்து, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்திக் கொடுப்பேன். விளையாட்டை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

போன பள்ளி விடுமுறையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். கையில் நாலாய் மடித்த கடை ரசீது. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். வங்கி அட்டை எண்ணை இணையத்தில் கொடுக்க அவருக்குப் பயம். அதனால் பையன் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று ரொக்கம் கொடுத்து, ரசீதில் அச்சாகி வரும் எண்ணைத் தட்டி, இணைய விளையாட்டுக் கடை ஒன்றில் தன் கணக்கில் காசு ஏற்றி வந்திருக்கிறான். எண்பது வெள்ளி சேர்ந்த பிறகு பார்த்தால், அவன் ஆசைப்பட்ட விளையாட்டு அந்த இணையக் கடையில் இல்லை. ஓராண்டுக்கு வேறொரு கடையில் மட்டும்தானாம். ஏற்றிய காசை அங்கே கொண்டுபோக முடியாது, வெளியே எடுக்கவும் முடியாது. “அண்ணே, இத மாத்தவே முடியாதா?” என்று கேட்டான். அந்த ரசீதை வாங்கி மேசைமேல் வைத்து நீவிவிட்டேனே தவிர, பதில் சொல்ல வாய் வரவில்லை.

எனக்குத் தோட்டத்துக் கடை நினைவுக்கு வந்தது. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் தோட்டத்துக் கடையில் 555 கடன் புத்தகத்தில் எழுதி வாங்குவார். சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார். பட்டணத்தில் கருவாடு மலிவு என்று அவருக்குத் தெரியும். ஆனால் பற்று இருந்தது இந்தக் கடையில்.

ஐயா, கணினி விளையாட்டுச் சந்தையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்வ் நிறுவனம் 2003இல் ஸ்டீம் கடையைத் தொடங்கியது. விற்பனையில் 30 விழுக்காடு கடைக்கு என்பது அங்கே வழக்கமாயிற்று. 2018 டிசம்பரில் எபிக் நிறுவனம் தன் கடையைத் திறந்து, 12 விழுக்காடு போதும் என்றது. விளையாட்டை உருவாக்குகிறவர்கள் கைக்குக் கூடுதல் காசு போகிறது. அதை நான் மனமார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன்.

ஆனால் எபிக் அந்த 12 விழுக்காட்டை மட்டும் நம்பிப் போட்டியிடவில்லை. வெளியீட்டாளர்களுக்கு வருவாய் உறுதி கொடுத்து, சில விளையாட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தன் கடையில் மட்டும் வைத்துக்கொண்டது. மெட்ரோ எக்ஸோடஸ் என்ற விளையாட்டு ஸ்டீமில் முன்பதிவுக்கு இருந்தது. 2019 பிப்ரவரி 15 வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் அங்கே விற்பனை நின்றது. ஏற்கனவே வாங்கியவர்களுக்குக் கிடைத்தது, மற்றவர்கள் ஸ்டீமில் வாங்க ஓராண்டு காத்திருந்தார்கள். அந்த விளையாட்டின் விலை அமெரிக்காவில் 59.99 டாலரிலிருந்து 49.99 டாலராக இறங்கியதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்படி விலை இறங்கினால் அது போட்டி. பொருளையே மற்ற கடையில் கிடைக்காமல் செய்வதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டிலும் இது நடந்தது. கோலாலம்பூரின் மெட்ரோநோமிக் நிறுவனம் உருவாக்கிய நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் என்ற விளையாட்டு 2020 ஆகஸ்டில் வெளிவந்தபோது, கணினியில் எபிக் கடை வழியாகத்தான் வாங்க முடிந்தது. ஸ்டீமுக்கு அது 2021 அக்டோபரில்தான் வந்தது. ஒரு நகரத்தின் இசை முழுவதையும் தன் பிடியில் வைத்திருக்கும் நிறுவனத்தை இருவர் கொண்ட ராக் குழு எதிர்க்கும் கதை அது. சிறிய நிறுவனங்களுக்கு உறுதியான வருவாய் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குப் புரியும். அவர்களைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. மலேசியர் செய்த விளையாட்டை மலேசியப் பையன் தன் காசு இருக்கும் கடையில் வாங்க ஓராண்டுக்கு மேல் காத்திருக்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

எல்லாம் ஸ்டீமிலேயே இருந்துவிட்டால் நல்லது என்று சொல்கிறவர்களோடும் நான் சேரமாட்டேன். 2017 செப்டம்பரில் ஃபைட் ஆஃப் காட்ஸ் என்ற ஒரே ஒரு விளையாட்டுக்காக, தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உத்தரவால் ஸ்டீம் கடையே நம் நாட்டில் முடக்கப்பட்டது. சீக்கிரமே திறந்துவிட்டார்கள் என்றாலும், கடை ஒன்றே ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பார்த்தோம். வேறு கடையில் விலையைக் குறைத்து விற்கவிடாமல் வால்வ் தடுக்கிறது என்று 2021இல் அமெரிக்காவில் வுல்ஃபயர் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வால்வ் அதை மறுக்கிறது. வால்வ் அப்படித் தடுக்கிறதா என்ற கேள்வியை இங்கேயும் யாராவது கேட்கவேண்டும்.

கேட்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆவது பிரிவு போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களையும், 10ஆவது பிரிவு ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் தடுக்கின்றன. வெளிநாட்டில் நடக்கும் வணிகமானாலும், அதன் பாதிப்பு மலேசியச் சந்தையில் இருந்தால் 3ஆவது பிரிவு அதையும் தொடுகிறது. விளையாட்டுகளை நாடு வாரியாகப் பூட்டியதற்காக ஐரோப்பிய ஆணையம் 2021 ஜனவரியில் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. விளையாட்டுதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. உங்கள் ஆணையம் இலக்கவியல் பொருளாதாரத்தை ஆய்வு செய்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் கணினி விளையாட்டு இல்லை.

11ஆவது பிரிவின்கீழ் இந்தச் சந்தையையும் ஆய்வுக்கு எடுங்கள். ஒரு கடைக்கு மட்டும் என்று பூட்டப்படும் விளையாட்டுக்கு, அந்தப் பூட்டு எத்தனை மாதம் என்பதை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே அறிவிக்கச் சொல்லுங்கள். ரொக்கமாக ஏற்றிய காசு செலவழியாமல் கிடந்தால் அதைத் திரும்பப் பெற வழி செய்யுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கை போட்டிச் சட்டத்துக்குள் வராது என்றால், உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு நீங்களே எழுதுங்கள். நான் எழுதுவதைவிட உங்கள் கடிதத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். உங்கள் அதிகாரிகள் யாராவது ஈப்போ வந்தால் புந்தோங்குக்கும் வரட்டும். சனிக்கிழமை மாலை வந்தால் பையன்கள் இருப்பார்கள். அந்த எண்பது வெள்ளி இன்னும் அவன் கணக்கில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
புந்தோங், ஈப்போ