கைமா இயந்திரமும் வனத்து அந்தோனியாரும்



திருவருகைக் காலம் பிறந்ததும் திருச்சபை நம்மைக் காத்திருக்கப் பணிக்கின்றது. கடைத்தெருவோ காத்திருக்க வேண்டாம் என்கின்றது. இந்நாளில் கடைத்தெருவுக்கு நாம் நடந்து செல்ல வேண்டுவதுமில்லை. அது கைப்பேசிக்குள் குடிபுகுந்து, நள்ளிரவிலும் நம் தலையணையருகே கடை விரித்து அமர்ந்திருக்கின்றது.

இம்மாதம் இறைச்சியைப் பக்குவப்படுத்தும் சமையற்கருவிகளைப் பற்றி எழுதப் புகுந்தோம். குருவானவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். வீடு மந்திரிக்கச் செல்பவர் தீர்த்தம் தெளிக்கும்போது சமையற்கட்டையும் பரணையும் பார்க்கத்தான் செய்கிறார். அண்மை ஆண்டுகளில் நம் இல்லங்களின் பரண்களில் அட்டைப் பெட்டிகள் பெருகி வருகின்றன. ஆடவர்தம் பொழுதுபோக்கு ஆசையால் வந்தவை அவற்றுள் மிகுதி. ஒருவர் தூண்டில் கோல்களைச் சேர்க்கிறார். மற்றொருவர் நிழற்படக் கருவிகளைச் சேர்க்கிறார். இப்போது கைமா இயந்திரத்தின் முறை வந்திருக்கின்றது.

பொறி என்ற அளவில் அது பாராட்டத்தக்கதே. வார்ப்பிரும்பாலான அதன் வயிற்றுக்குள் ஒரு திருகு சுழன்று கறித்துண்டுகளை முன்னே தள்ளுகின்றது. முனையில் சிலுவை வடிவான கத்தி, துளைத் தட்டோடு உராய்ந்து சுழன்று கறியை நறுக்குகின்றது. 1817-இல் இருசக்கர வண்டியின் முன்னோடியைச் செய்தளித்த ஜெர்மானியர் கார்ல் டிரைஸ் என்பவரையே இப்பொறியை அமைத்தவராகவும் குறிப்பிடுவர். இத்தனை அறிவு படைத்த அம்மனிதர் 1851-இல் வறுமையில் இறந்தார் என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

ஆயினும் கருவி தன்னால் கறியை அரைத்துவிடாது. சவ்வையும் நரம்பையும் முன்னரே களைந்தாக வேண்டும். இல்லையேல் அவை கத்தியைச் சுற்றிக்கொள்ளும். கறி நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் கொழுப்பு இளகிக் களியாகும். கத்தியின் தட்டையான பக்கம் துளைத் தட்டை நோக்கியிருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் கறி நசுங்குமேயன்றி நறுங்காது. வேலை முடிந்தவுடன் கழற்றிக் கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். துளைகளில் தங்கும் துணுக்கு சில மணி நேரத்தில் நஞ்சாகும். முழுத்துண்டின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் கிருமிகள் அரைத்த கறியில் உள்ளும் புறமும் கலந்துவிடுவதால், அதை நடுப்பகுதி வரை வேகவைத்தே உண்ண வேண்டும். விளம்பரப் படத்தில் கறி அரைபடும் காட்சி உண்டு. கழுவும் காட்சியை நாம் இதுவரை கண்டதில்லை.

நம் பாட்டியர் உப்புக்கண்டம் போட்டதை நினைத்துப் பாருங்கள். கறியை நீள வாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து வெயிலில் கட்டினார்கள். கத்தி, ஊசி, நூல், வெயில். இந்நான்கில் விலை கொடுத்து வாங்கியவை மூன்று. கைமா வேண்டுமெனில் கறிக்கடைக்காரர் புளியங்கட்டையில் வைத்து, நாம் ஊர்ச்செய்தி பேசி முடிப்பதற்குள் கொத்தித் தந்துவிடுவார். இதனால் இயந்திரம் கூடாது என்று சொல்ல வந்தோமில்லை. பெருங்குடும்பத்துக்குச் சமைக்கும் தாய்க்கு அது கைவலி தீர்க்கும் நண்பன். ஒரு கருவியோடு நில்லாமல் அது தன் உறவினரையெல்லாம் அழைத்து வருவதே நம் கவலை.

பிரெஞ்சு அறிஞர் டிடெரோ திருச்சபையின் நண்பரல்லர். எனினும் 1769-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையொன்று எந்தத் தியானப் பிரசங்கத்திலும் எடுத்தாளத் தக்கது. அழகிய புதிய அங்கியொன்று அவருக்குக் கிடைத்தது. அதன் அருகில் பழைய நாற்காலி அழகற்றுத் தோன்றியது, அதை மாற்றினார். பின்னர் மேசை, பின்னர் சுவரில் தொங்கிய படங்கள் என ஒவ்வொன்றாக மாறின. பழைய அங்கிக்குத் தாம் எசமானராக இருந்ததையும், புதியதற்கு அடிமையானதையும் எண்ணி அவர் வருந்தினார்.

நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவரின் இல்லத்தில் இதுவே நிகழ்ந்தது. முதலில் மேசையோரத்தில் பூட்டிக் கையால் சுற்றும் சிறிய இயந்திரம் வந்தது. அது நன்றாகவே உழைத்தது. அடுத்து, உணவகத்துக்குரிய அளவில் மின்சாரத்தால் ஓடுவது வந்தது. அரைத்த கறியைக் குடலுறையில் திணிக்க ஒரு கருவி, கிராம் கணக்கில் நிறுக்க ஒரு தராசு, கறிக்குள் குத்தி வெப்பம் பார்க்கும் ஒரு மானி, மெல்லிதாகத் துண்டு போட ஒரு இயந்திரம், பையிலிருந்து காற்றை உறிஞ்சி மூட ஒன்று, இவற்றிலிருந்து வருவதையெல்லாம் வைக்க ஒரு ஃபிரீசர். அனைத்தும் தவணையில். அவருடைய முதிய தாயாரின் கண்புரை அறுவை மட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று இரண்டு கிறிஸ்துமஸ்களாகத் தள்ளிப்போடப்பட்டிருந்தது.

அவருடைய துணைவியார் நம்மிடம் குறை கூற வரவில்லை, பூசைக் கருத்துக் கொடுக்க வந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இயந்திரம் அவருக்கு, கழுவுவது எனக்கு, சாமி." அவ்வளவே. இதனினும் செறிவாக இப்பொருளைப் பற்றி நாம் எழுதிவிட இயலாது.

இறைச்சி விற்போரின் பாதுகாவலராக மேலைநாடுகளில் வணங்கப்படுபவர் நம் வனத்து அந்தோனியார். சனவரி 17-இல் அவர் திருநாளன்று நம் சிற்றூர்களில் கால்நடைகளை மந்திரிக்கிறோம். அவர் சுரூபத்தின் காலடியில் பன்றி இருப்பதன் காரணம் பலருக்குத் தெரியாது. அவர் பெயரால் பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தோன்றிய மருத்துவத் துறவியர், பன்றிக் கொழுப்பை நோயாளரின் புண்களுக்குப் பூசினர். அவர்தம் பன்றிகள் கழுத்தில் மணியோடு வீதிகளில் திரிய உரிமை பெற்றிருந்தன. ஆனால் புனிதர்தம் வாழ்வோ கருவி சேர்ப்பதற்கு நேர்மாறானது. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு ஆண்டவர் செல்வ இளைஞனிடம் கூறிய நற்செய்திப் பகுதியைக் கோவிலில் கேட்டார். நிலங்களை ஊராருக்குக் கொடுத்தார். 356-இல் இறந்தபோது அவர் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னவை இரண்டு ஆட்டுத்தோல்கள், ஒரு மேலாடை, ஒரு மயிராடை.

அவர் கருவிகளையே வெறுத்தவரென்று எண்ணிவிட வேண்டாம். அவர் வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் ஒரு செய்தி தருகிறார். பாலைநிலத்தில் அவருக்கு அப்பம் கொண்டுவருவதற்காகப் பிறர் வெயிலில் அலைவதைக் கண்ட அந்தோனியார், ஒரு மண்வெட்டி, ஒரு கோடரி, சிறிது தானியம் ஆகியவற்றைத் தாமே கேட்டு வாங்கிப் பயிரிட்டார். பின்னர், தம்மைக் காண வருவோர் உண்ணக் கீரையும் வளர்த்தார். பிறர்தம் பளு குறைவதற்காக வாங்கப்பட்ட மண்வெட்டி அது. நம் அன்பரின் இல்லத்திலோ கருவி கூடக்கூட மற்றொருவரின் பளு கூடியது.

இதை அவரிடம் கடிந்து சொல்ல வேண்டுமென்றே சென்றோம். சென்றபின் கடிய மனம் வரவில்லை. இத்துணைப் பெரிய இயந்திரம் எதற்கு என்று மட்டும் வினவினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "பிள்ளைகள் மூவரும் வந்தால் பதினான்கு பேர், சாமி," என்றார். மூவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்கள் ஒருசேர வந்து நான்கு ஆண்டுகளாயின. வராத பதினான்கு பேருக்காக அவர் வாங்கிக்கொண்டேயிருந்தார். பொருளாசை என்று நாம் எளிதில் பெயரிட்டுவிடும் நோய்களுள் பாதி இத்தகைய தனிமையே என்பது இத்தனை ஆண்டுப் பங்குப்பணியில் நாம் கண்டது. மற்றப் பாதி பொருளாசையே, அதையும் மறைப்பானேன்?

சென்ற ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் அவர்தம் அன்பியத்தைச் சேர்ந்த பதினொரு குடும்பத்தார் கறியை அவர் வீட்டுக்கே கொண்டுவந்தனர். துணைவியார் அடுப்பங்கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்க, அவரே அரைத்தார், அவரே கழுவினார், தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தார். கறியை அரைமணி நேரம் ஃபிரீசரில் வைத்துக் கொண்டுவராதவர்களை அவர் திருப்பி அனுப்பியதாகவும் கேள்வி.

தாயாரின் கண் அறுவை தை மாதத்தில் நடந்தது. காற்றை உறிஞ்சும் இயந்திரத்தை மீன் விற்கும் ஒருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். தராசு கோவில் அலுவலகத்துக்கு வந்து, மெழுகு நிறுக்கப் பயன்படுகின்றது. மெல்லிதாகத் துண்டு போடும் இயந்திரத்தைத்தான் இதுவரை எவரும் கேட்கவில்லை. அது பரணில் இருக்கின்றது.