முதல் கப்பல் பயணம்: முடிவு யாருடையது?

அறுபதாம் கல்யாணம் முடிந்த பெற்றோரைச் சொகுசுக் கப்பலில் அனுப்பிவைக்கப் பிள்ளைகள் ஆசைப்படும் காலம் இது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டெலியா நிறுவனத்தின் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டில் அது திருகோணமலை, காங்கேசன்துறை போன்ற இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. அதன்பின் இந்த ஆசை எட்டிப்பிடிக்கக் கூடியதாகிவிட்டது. "அம்மாவை அழைத்துப் போகலாமா?" என்று எங்களிடமும் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் மகனோ மகளோதான். அம்மா அருகில் பேசாமல் அமர்ந்திருப்பார்.

வயது ஒன்றையே காரணம் காட்டிப் பயணத்தைத் தடுப்பது சரியன்று என்பதே எங்கள் கருத்து. அதே வேளையில், பயணம் செய்பவரைக் கேளாமல் சீட்டு வாங்கி வியப்பில் ஆழ்த்துவதும் சரியன்று. எந்தக் கப்பல், எத்தனை நாள் என்பதை நீச்சல்குளத்தின் படமோ தள்ளுபடி விலையோ தீர்மானிக்கக் கூடாது. செல்பவரின் உடல்நிலையும் விருப்பமுமே தீர்மானிக்க வேண்டும்.

கப்பலில் மருத்துவர் இருப்பார், மருத்துவமனை இராது. ஈ.சி.ஜி. எடுக்கலாம், ஆக்சிஜன் கொடுக்கலாம், முதற்கட்டச் சிகிச்சை அளிக்கலாம். பெரிய அறுவை சிகிச்சைக்கு அங்கே வழியில்லை. சாதாரணக் கப்பல்களில் டயாலிசிஸ் வசதியும் கிடையாது. நிலைமை மோசமானால் அடுத்த துறைமுகத்தை அடையும்வரை காத்திருக்க நேரலாம். ஆகவே முதல் பயணம் இரண்டு மூன்று இரவுகளுக்குள் அமைவதே நல்லது. வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அறையைத் தேர்வதிலும் கவனம் தேவை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. மின்தூக்கிக்கு அருகில், குளியலறையில் கைப்பிடி உள்ள அறையைக் கேளுங்கள். அத்தகைய அறைகள் குறைவாகவே இருக்கும். சில ஊர்களில் கப்பல் கரையை ஒட்டாமல் கடலிலேயே நங்கூரமிடும். அங்கே சிறு படகுக்கு மாறித்தான் கரைக்குச் செல்ல வேண்டும். மூட்டுவலி உள்ளவரும் சக்கர நாற்காலியில் செல்பவரும் இதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகளில் சில, முதியவர்களுக்கு மயக்கத்தையும் மனக்குழப்பத்தையும் தரக்கூடியவை. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம். மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்காதீர்கள். அன்றாட மருந்துகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரப் பல மணி நேரமாகலாம். உணவுக்கு முன் சோப்பால் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோவைரஸ் கிருமிக்குக் கைகழுவும் திரவம் மட்டும் போதாது.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது மறைத்தல். "சொன்னால் ஏற்றமாட்டார்கள்" என்று அஞ்சி, இருக்கும் நோயைக் கப்பல் நிறுவனத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் சிலர் சொல்வதில்லை. மறைத்த நோய்க்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கக்கூடும். உள்நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சிகிச்சைச் செலவை ஏற்பதில்லை. ஆகவே இலங்கை வரை செல்வதானாலும் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். அவசரமாகக் கரைசேர்க்கும் செலவும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் மருத்துவர் இசைவு தரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அது மறுப்பு அன்று, தள்ளிவைப்பு மட்டுமே. மற்றவர்கள் அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது பயணத் திட்டத்தையும் கொண்டுவாருங்கள். பெற்றோரே வாய்திறந்து தம் விருப்பத்தையும் அச்சத்தையும் சொல்லட்டும். உடன் வந்தவர்கள் அந்த நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.