நடக்கத்தான் செய்யும் என்கிற பொய்

ஏதோ ஒரு நாட்டுப் போர்ச் செய்தி தொலைக்காட்சியில் ஓடும். பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள் என்று வாசிப்பார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டு, "சண்டைன்னு வந்துட்டா இதெல்லாம் நடக்கத்தான் செய்யும்" என்பார். சொல்பவர் கெட்டவர் இல்லை, இரக்கத்தோடுதான் சொல்கிறார். ஆனால் சொல்வது பொய். குற்றவாளிகளுக்கு இதைவிட வசதியான பொய் வேறு கிடையாது. புயல் மீது யாரும் வழக்குப் போடுவதில்லை. இந்தக் குற்றத்தையும் புயலோடு சேர்த்துவிட்டால், உத்தரவு போட்டவனும் கண்டும் காணாமல் இருந்தவனும் தப்பித்துக்கொள்வார்கள். தப்பித்துக்கொண்டும்தான் இருக்கிறார்கள்.

ருவாண்டாவில் தாபா என்றொரு வட்டாரம். 1994 ஏப்ரல் 7 முதல் நாடெங்கும் டுட்சி மக்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். தாபாவின் மேயர் ழான் பால் அகயேசு முன்னாள் பள்ளி ஆசிரியர். தொடக்கத்தில் அவர் கொலைக்கும்பலைத் தடுக்கவே பார்த்தார். ஊரும் ஓரளவு அமைதியாக இருந்தது. ஏப்ரல் 18 அன்று இடைக்கால அரசின் தலைவர்கள் மேயர்களைக் கூட்டிப் பேசினார்கள். போய் வந்த அகயேசு வேறு ஆளாக இருந்தார். மறுநாள் விடியும் முன்பே ஊர்க்கூட்டத்தில் நின்று எதிரியை ஒழிக்கச் சொன்னார். உயிருக்குப் பயந்த பெண்களும் பிள்ளைகளும் அவருடைய அலுவலக வளாகத்தில்தான் தஞ்சம் புகுந்திருந்தார்கள். இன்டரஹாம்வே என்ற கொலைக்கும்பலின் ஆட்கள் அந்த வளாகத்திலும் பக்கத்துக் காட்டிலும் அந்தப் பெண்களை நாள்தோறும் வன்கொடுமை செய்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேயர் தடுக்கவில்லை; வாய்ப்பேச்சால் தூண்டியும் விட்டார்.

ஊர் மாறவில்லை, மக்கள் மாறவில்லை. ஏப்ரல் 18-க்கு முன்பும் போர் இருந்தது, பின்பும் இருந்தது. மாறியது, அதிகாரத்தில் இருந்த ஒருவர் எடுத்த முடிவு.

அகயேசு மீதான வழக்கு தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. தீர்ப்பாயத்தில் 1997 ஜனவரியில் தொடங்கியது. அப்போது குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை என்ற குற்றச்சாட்டே கிடையாது. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளை மூன்று பேர் வன்கொடுமை செய்ததைச் சொன்னார். வழக்கு தொடுத்த தரப்பு அதற்காக அவரை அழைத்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர்தான் பெண்: டர்பனில் தமிழ்க் குடும்பத்தில், பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை. நீதிபதிகள் மேற்கொண்டு கேட்டார்கள். அடுத்து வந்த இன்னொரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். ஜூன் மாதம் குற்றப்பத்திரிகையைத் திருத்தினார்கள். 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் பாலியல் வன்கொடுமை இனப்படுகொலையே என்றது. எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. அகயேசுவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 'நடக்கத்தான் செய்யும்' என்று அந்தத் தாயின் பேச்சை அன்று கடந்து போயிருந்தால், அந்தப் பெண்களுக்கு நடந்தது வழக்கிலேயே இடம்பெற்றிருக்காது.

துப்பாக்கி ஏந்திய ஆண்கள் வீட்டைவிட்டு வெகுநாள் விலகியிருந்தால் இப்படித்தான் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அப்படியானால் எல்லாப் படைகளும் எல்லாப் போர்களிலும் ஒரே அளவில் இதைச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் ஜீன் வுட் 2009-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் ஆராய்கிறது. அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. விடுதலைப் புலிகள் 1990-இல் முஸ்லிம் மக்களை இலங்கையின் வடக்கிலிருந்து மொத்தமாக விரட்டினார்கள். ஆனால் பொதுமக்கள் மீதான பாலியல் வன்கொடுமை அவர்களிடம் அரிது. இதைப் புலிகளுக்கான நற்சான்றாக நான் எழுதவில்லை. பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்த இயக்கம் அது. அப்படிப்பட்ட இயக்கத்தின் தலைமையே இந்த ஒரு குற்றத்தைத் தன் ஆட்களிடம் கட்டுப்படுத்த முடிந்தது என்றால், சம்பளமும் சீருடையும் சட்டமும் உள்ள அரசுப் படைகள் முடியாது என்று எந்த வாயால் சொல்கின்றன? சியரா லியோன் போரில் கூட்டு வன்கொடுமைகளில் பெண் போராளிகளும் பங்கெடுத்ததை ஆய்வாளர் டாரா கே கோஹன் பதிவு செய்திருக்கிறார். ஆணின் இச்சை என்ற பழைய விளக்கம் அங்கே செல்லாது.

இவர்களைத் தண்டிக்கவே முடியாது என்பவர்கள் காங்கோவைப் பார்க்க வேண்டும், இரண்டு முறை. 2011 புத்தாண்டு நாளில் ஃபிசி ஊரில் அரசுப் படையினர் புகுந்து பெண்களை வன்கொடுமை செய்தார்கள். பராகா என்ற ஊருக்கு நடமாடும் இராணுவ நீதிமன்றத்தைக் கொண்டுவந்து, இரண்டே மாதத்துக்குள் விசாரித்து, தளபதியான லெப்டினன்ட் கர்னல் கிபிபி முட்வாரேவுக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தார்கள். சாலை வசதிகூடச் சரியாக இல்லாத பகுதியில் இது முடிந்தது. ஆனால் 2012 நவம்பரில் கோமா நகரிலிருந்து பின்வாங்கிய அதே இராணுவம் மினோவாவில் அதே கொடுமையைச் செய்தது. 39 பேர் மீதான விசாரணை 2014-இல் முடிந்தது. பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டனை பெற்றவர்கள் இரண்டே பேர். மொத்தப் படைக்கும் பொறுப்பான உயர் தளபதிகள் மீது வழக்கே போடவில்லை. முகத்தை மூடிக்கொண்டு வந்து சாட்சி சொன்ன பெண்களுக்கு அந்த இராணுவம் இன்னும் பதில் சொல்லவில்லை.