வடக்குத்திலிருந்து ஒரு பதில்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அக்கா மகன் ஒருவர் எழுதியிருந்தார்: "மாமா, கவர்மெண்ட் ஸ்கூலுக்கு எவ்வளவு கொட்டினாலும் ரிசல்ட் வராது. எதுக்கு நிதி நிதின்னு சண்டை?" கீழே ஆறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் "கொட்டுகிற" பணத்தைக் கணக்குப் போடுவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. சாக்பீஸ், பதிவேடு, ஆய்வகச் சாமான், உடைந்த குழாய், சின்னச் சின்ன மராமத்து எல்லாம் அதில்தான். 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 240 பிள்ளைகள், 220 வேலை நாள் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்கூட வராது. இந்திரா நகர் கடையில் அந்தக் காசுக்கு ஒரு மிட்டாய் கிடைக்கும்.

ஆசிரியர் சம்பளம் தனி, அது பெரிய தொகை, மறுக்கவில்லை. நானும் வாங்கினேன், இன்றும் ஓய்வூதியம் வாங்குகிறேன். ஆனால் ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லிக்கொடுக்க 2012இல் சேர்த்த பகுதி நேர ஆசிரியர்களின் கதை என்ன? 5,000 ரூபாயில் ஆரம்பித்தார்கள். பத்தாண்டு தாண்டியும் 12,500 வரைதான் வந்தது. பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடிப் போராடி அவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. இதில் மாநில அரசுக்கும் பொறுப்பு உண்டு. டெல்லி தரவில்லை என்று சொல்லிவிட்டு இவர்கள் கை கழுவிவிட முடியாது.

டெல்லி தராததும் உண்மைதான். 2024-25க்கு ஒன்றிய அரசின் பங்கு 2,152 கோடி ரூபாய். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். 2025 மார்ச்சில் நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழுவே இப்படி நிறுத்துவது நியாயமில்லை என்றது. மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேசியக் கல்விக் கொள்கை நல்லதா கெட்டதா என்று ஆயிரம் வாதம் செய்யலாம், நான் வரத் தயார். ஆனால் அந்த வாதத்துக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஆய்வகக் குப்பியை ஏன் பணயம் வைக்கிறீர்கள்? 1976இல் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனதன் விலை இது.

பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மாணவர்களே, உங்கள் வருமான வரிக் கணக்கை ஒரு தரம் பாருங்கள். சுகாதாரம், கல்வி மேல்வரி என்று 4 சதவீதம் இருக்கும். ஒரு லட்சம் வரி கட்டினால் அதன்மேல் 4,000. மேல்வரி என்பதால் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய வரித் தொகுப்பில் அது சேராது. கல்வி என்ற பெயரில் உங்களிடம் வாங்கிய காசு, நீங்கள் படித்த பள்ளிக்கு வருவதற்குக் கையெழுத்து கேட்கிறது!

அடுத்தது ரிசல்ட். இங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

நம் கடலூர் மாவட்டம் பல ஆண்டுகள் தேர்ச்சிப் பட்டியலின் அடியில் கிடந்தது உண்மை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நான்கு கல் தொலைவில் அனல் மின் நிலையப் புகைபோக்கி தெரிகிறது, இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கிறது. மூன்று மாதத்தில் பொதுத்தேர்வு. என் வகுப்பில் ஒரு பெண். அவர்கள் தோப்பில் மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. தாயும் மகளும் அடுத்தவர் வீட்டில் கொட்டை உடைக்கப் போனார்கள். எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த விரலோடுதான் பரீட்சை எழுதினாள். கணக்கில் நான்கு மதிப்பெண்ணில் போயிற்று.

அந்த வருஷம் ஆய்வுக் கூட்டத்தில் எங்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். கேட்டவர் பெயர் இப்போது வேண்டாம். "புயலைக் காரணம் சொல்லாதீர்கள்" என்றார். அவள் துணைத்தேர்வில் தேறினாள், நர்சிங் படித்தாள், இன்று ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவள் தவறியது மார்ச் சதவீதத்தில் ஏறியது. அவள் தேறியது எந்த மாவட்டப் பட்டியலிலும் ஏறவில்லை. இந்தப் பட்டியலை வைத்துத்தான் மருமகப்பிள்ளை எனக்குப் பாடம் நடத்துகிறார்.

நூறு சதவீதம் என்று பேனர் கட்டும் பள்ளிகள் சிலவற்றின் ரகசியமும் எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் "உங்க பையன் தேற மாட்டான்" என்று டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பையன் ஜூன் மாதம் நம் பள்ளி வாசலில் நிற்பான். நாம் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அனுப்பவும் கூடாது.

நெய்வேலிக்காரர்கள் யோசிக்க இன்னொன்று. 1930களில் இங்கே பழுப்பு நிலக்கரி கண்டார்கள். சுற்றியிருந்த கிராமங்கள் நிலம் கொடுத்தன, இன்னும் கேட்கிறார்கள். 2023இல் வளையமாதேவியில் விளைந்த பயிருக்கு நடுவே வாய்க்கால் வெட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆர்ச் கேட்டுக்கு உள்ளே வட்டம் வட்டமாக நிழல் மரமும் மைதானமும். வெளியே ஊராட்சிப் பள்ளிக்குக் காம்பவுண்டு சுவர் கேட்டு மனு எழுத வேண்டியிருக்கிறது. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135 லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் சொல்கிறது. என்.எல்.சி. எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை, செய்த கட்டடங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதை வள்ளலிடம் வாங்குவதுபோல் கைகட்டி நின்று, சால்வை போட்டு வாங்குகிறோமே, அதுதான் பொறுக்கவில்லை.

இனி என்மேலும் ஒரு கல். என் மகனை நான் ஆங்கிலப் பள்ளியில்தான் படிக்க வைத்தேன். காலையில் அவனை வேன் ஏற்றிவிட்டு, அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனேன். ஊரில் குரல் உள்ளவர்கள் எல்லாரும் இப்படி வெளியேறிவிட்டால் குடிநீர்க் குழாய் உடைந்தது என்று யார் சத்தம் போடுவது? கோத்தாரிக் குழு 1966லேயே பொதுப்பள்ளி முறையைச் சொன்னது. நான் பி.எட்.டில் அதைப் படித்து மதிப்பெண் வாங்கினேன், வீட்டில் கடைப்பிடிக்கவில்லை.

2024இல் திருத்தி அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு நடை போங்கள். சால்வையும் போட்டோவும் வேண்டாம். மானியம் எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, எதற்குச் செலவானது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அவரைக் குற்றம் சொல்ல அல்ல, அவர் பக்கம் நிற்க. கேட்டதை இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள், நான் கூட்டிக் கணக்குப் போடுகிறேன்.

மருமகப்பிள்ளை, நீங்களும்தான். அப்பாவின் மிதிவண்டியில் முன்கம்பியில் உட்கார்ந்து வந்து நீங்கள் ஐந்தாவது வரை படித்தது எந்தப் பள்ளி என்று எனக்கு மறக்கவில்லை.