பனிக்காலமும் பள்ளி வாழ்வும்

பெரும்பொழுதுகள் ஆறனுள் முன்பனிக்கு உரியன மார்கழியும் தையும் என்பது தமிழ் கற்றோர் அறிந்ததே. மேனாட்டார் அச்சொல்லாற் கருதும் உறைபனி நம் கொங்கு நாட்டில் இல்லை. வைகறையில் புல்நுனியில் நின்று, வெயிலேற மறைந்துபோகும் அத்துணையே. ஆயினும், குளிர் மக்களைக் கூட்டும் இயல்புடைத்து. வாடைக்கு ஆற்றாத கோவலர் பலர் ஒருங்கு கூடித் தீக்காய்வதை நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுகின்றார். கோடையில் நிழல் தேடித் தனித்தனியே ஒதுங்குவோர், குளிரில் ஒரு தீயைச் சுற்றி நெருங்குகின்றனர். ஒரு பள்ளி தன் மாணாக்கரை ஒரு குடும்பமாக்க விரும்பின், அதற்கு ஏற்ற பருவம் இதுவே என்பது என் துணிபு. நம் நாட்டிலோ அப்பருவத்திலேதான் பள்ளிகளும் விடுதிகளும் அடைபடுகின்றன.

இதுபற்றிச் சிந்திப்பார் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நம் திருப்பூரில் 1903-ஆம் ஆண்டு பிறந்த அவிநாசிலிங்கம் செட்டியார், 1930-இல் போத்தனூரில் ஒரு வாடகை வீட்டில் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். அன்று அங்கே இருந்த மாணாக்கன் ஒருவனே. அவனும், தீண்டத்தகாதோர் என்று ஊரார் ஒதுக்கிவைத்த குலத்தில் தோன்றிய சிறுவன். எத்தனையோ கலாசாலைகள் செல்வர் மக்களை முதலிற் சேர்த்துக்கொண்டு, இடம் மிஞ்சினால் எளியோரை நினைப்பது வழக்கம்; இந்தப் பள்ளியோ எதிர்ப்புறத்திலிருந்து நடக்கத் தொடங்கியது. 1934-இல் மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் காந்தியடிகள் அதற்கு அடிக்கல் நாட்டினார். நிறுவியவர் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராய் விளங்கியதும், தமிழ்க் கலைக்களஞ்சியம் அவர் முயற்சியால் உருவானதும் பலரும் அறிவர். அக்களஞ்சியத்தின் முதன்மையாசிரியராகிய பெரியசாமித் தூரன் அவர்களும், அதற்கு முன்னர் இவ்வித்தியாலயத்தில் தலைமையாசிரியராய் இருந்தவரே.

ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கு உறையும் குருகுல முறை அங்கே கைக்கொள்ளப்பட்டது. வைகறையில் எழுதல், பிரார்த்தனை, தம் பணியைத் தாமே செய்தல் ஆகியவை கல்விக்குப் புறம்பானவையாகக் கருதப்படாமல், கல்வியின் பகுதியாகவே வைக்கப்பட்டன. அது தோன்றிய நாளில் ஒரு வீட்டில் அடங்கியிருந்தது. இன்று கல்லூரிகளும் பயிற்சிக் கூடங்களுமாகப் பெருகியுள்ளது. பெருக்கத்தை யான் குறை கூறவில்லை. ஆனால், ஒரு மாணாக்கனோடு ஓர் ஆசிரியர் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த அந்த முதற் பனிக்காலமே என் கருத்தைக் கவர்கின்றது.

ராமகிருஷ்ண சங்கத்தாரின் ஆண்டு முறையில் பனிக்காலம் மிகச் செறிவுடையது. சாரதா தேவியாரின் பிறந்தநாள், ஜனவரி முதல் நாளாகிய கற்பதரு நாள், விவேகானந்தரின் பிறந்தநாள் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. இவற்றிடையே, நம்மவர் பலர் அறியாத ஒன்றும் உண்டு. அச்சங்கத்து மடங்களில் டிசம்பர் 24-ஆம் நாள் மாலை கிறிஸ்துநாதரின் பிறப்பை நினைந்து வழிபாடு நிகழ்த்துகின்றனர். குழந்தை இயேசுவை ஏந்திய கன்னி மரியாளின் படத்தை வைத்து, கனிகளும் இனிப்பும் படைத்து, சுவிசேஷப் பகுதிகளை வாசிக்கின்றனர். 1886-ஆம் ஆண்டு வங்காளத்து ஆண்ட்பூர் என்னுஞ் சிற்றூரில், குளிரிரவில் தீ வளர்த்து அதனைச் சூழ அமர்ந்த இளைஞர் சிலருக்கு நரேந்திரர் இயேசுவின் துறவு வாழ்வை எடுத்துரைக்க, அவர்கள் அங்கேயே துறவு பூண உறுதி செய்துகொண்டனர். அவ்விரவு கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவு என்பது பின்னரே அவர்கள் நினைவுக்கு வந்ததாம். இரவீந்திரநாதர் 1901-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்து மாணாக்கரோடு தொடங்கிய சாந்திநிகேதனப் பள்ளியிலும் கிறிஸ்து பிறப்பு விழா உண்டு.

கிறிஸ்தவ மாணாக்கனாகிய எனக்கு இச்செய்திகள் மகிழ்ச்சியையும் நாணத்தையும் ஒருங்கே தருகின்றன. பிறர் தம் மாணாக்கரோடு கூடியிருந்து நம் ஆண்டவரின் பிறப்பை நினைக்கும் அதே இரவில், நம் விடுதியின் வாயிலிற் பூட்டுத் தொங்குகின்றது! கிறிஸ்தவரிடையே இத்தகைய வாழ்வு இல்லாமற் போகவில்லை. திருப்பத்தூரில் 1921-இல் சவரிராயன் ஏசுதாசன், ஃபாரெஸ்டர் பேட்டன் என்னும் மருத்துவர் இருவர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். தமிழர் பெரியண்ணன் என்றும், ஸ்காத்லாந்தினர் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பெற்றனர். ஆளும் இனத்தார் ஒருவர் இளையவராக நின்ற அந்த முறைப்பெயர் ஒன்றே ஒரு பெரும் பிரசங்கத்திற்கு நிகராகும். திராவிடக் கோயிலமைப்பில் அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் இன்றும் காணத்தக்கது.

இனி நம் ஊரின் பனிக்காலத்தைப் பார்ப்போம். ஐரோப்பியரும் அமெரிக்கரும் வேனிலில் உடுக்கும் பருத்திப் பின்னலாடைகளை, நம் ஊரார் மார்கழிக் குளிரில் தைக்கின்றனர். ஏற்றுமதிக்குக் குறித்த நாள் நெருங்க நெருங்க, ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் ஓயாது ஓடுகின்றன. காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குட் புகும் தாயும் தந்தையும் ஒன்றரை ஷிப்டு முடித்து வெளிவர இரவு எட்டரை ஆகின்றது. பள்ளி நாட்களிலாவது சிறுவர்க்கு வகுப்பறையும் சத்துணவும் உண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்து பிறப்புக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் லைன் வீடுகளில் எஞ்சியிருப்போர் சிறுவரே. மூத்த பெண் குழந்தை இளையவர்க்குத் தாயாகின்றாள்; கைப்பேசி எல்லார்க்கும் உபாத்தியாயராகின்றது. சொந்த ஊரில் பாட்டனார் வீடு உடையோர் அங்குச் செல்வர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புக்கு வந்தோரின் மக்கள் எங்குச் செல்வர்?

ஆதலின் யான் வேண்டுவது இது: மிஷன் கல்லூரிகளும் பள்ளிகளும் தம் விடுதிகளை அவ்வொன்பது நாட்களுக்குப் பூட்டாமல், லைன் வீட்டுச் சிறுவர்க்காகத் திறத்தல் வேண்டும். இருபதுபேர்க்கு மேற்படலாகாது. நூறு பேரைச் சேர்த்தால் ஒலிபெருக்கி வரும். ஒலிபெருக்கி வந்தால் வரவேற்புரை வரும். பிறகு பொன்னாடையும் வந்துவிடும். மாணாக்கருள் ஐவர் முறைவைத்துத் தங்குதல் போதும். விடியலில் எழுந்து மரத்தடியிற் கால்மணி நேரம் பேசாது அமர்தல். பின்பு முற்றம் பெருக்குதல், காய் நறுக்குதல், சந்தகை பிழிதல். பகலிற் கதையும் ஆட்டமும். இரவில் மொட்டை மாடியில் நின்று கார்த்திகை மீன்களையும் திருவாதிரையையும் இனங்காணுதல். மார்கழி வானைப்போல் விண்மீன் கற்பிக்கும் நூல் வேறில்லை. ஒன்பதாவது மணிக்குக் கம்பெனியிலிருந்து திரும்பும் பெற்றோரும் ஒருநாளாவது பிள்ளைகளோடு பந்தியில் அமரவேண்டும். அந்தப் பந்தியிற் பரிமாறுவோர் பிள்ளைகளாகவே இருத்தல் வேண்டும்.

மௌனமும் தியானமும் வயிறு நிறைந்தார்க்கு உரியன, தொழிலாளர் மக்கட்கு வேண்டுவன ஆங்கிலமும் கணிப்பொறியுமே என்று நண்பர் சிலர் மறுக்கின்றனர். ஆங்கிலமும் கணிப்பொறியும் வேண்டாவென்று யான் கூறேன். ஆயின், நாள் முழுதும் பொறிகளின் ஓசையையும் கைப்பேசியின் ஓசையையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, தன் மூச்சின் ஓசையைக் கேட்கும் கால்மணி நேரத்தை மறுப்பது என்ன நியாயம்? தியானத்தைப் பாடத்திட்டத்தில் வைத்துப் பெருந்தொகை பெறும் உறைவிடப் பள்ளிகள் இந்நாளில் மலைச்சாரல்களில் எழுந்துள்ளன. அங்கே கல்வி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அமைதிக்கு விலை குறிப்பதை என் மனம் ஏற்கவில்லை. போத்தனூர் வீட்டின் முதல் மாணாக்கனிடம் கட்டணம் வாங்க வழியிருந்திராது.

மற்றொரு நண்பர், மதமாற்ற முயற்சி என்று ஊரார் ஐயுறுவரே என்றார். ஐயம் பொருளற்றதென்று தள்ளுவதற்கில்லை. நம் முன்னோர் செய்கைகளுட் சில அதற்கு இடந்தந்தவையே. அதனாலேயே பேசாது அமர்தலை முதலில் வைத்தேன். ஜெபத்திற்கு ஒரு மதத்தின் சொற்கள் வேண்டும். பாட்டிற்கு ஒரு மொழி வேண்டும். ஒடிசாச் சிறுவனும், அவிநாசிச் சிறுமியும், கிறிஸ்தவனாகிய யானும் ஒருவர்க்கொருவர் மொழிபெயர்க்காமல் ஒருங்கே செய்யக்கூடியது மௌனம். பிள்ளைகள் ஒன்பது நாள் கழித்து எந்தச் சமயத்தினராய் வந்தனரோ அந்தச் சமயத்தினராகவே வீடு திரும்புவர் என்பதைப் பெற்றோர்க்கு எழுத்தாலே தெரிவித்துவிடலாம்.

செலவுபற்றிய கவலை எனக்கு மிகுதியில்லை. அரிசியும் பருப்பும் பழைய மாணவர் சங்கத்தார் ஒரு பண்டிகைக்குச் செய்யும் அலங்காரச் செலவுக்குள் அடங்கும். விடுதிக் காவலரும் சமையற்காரரும் பண்டிகை நாளில் தம் குடும்பத்தை விட்டுவரலாகாது. ஆகவே, சமையலை நாமே கற்றல் வேண்டும். இதுவே உண்மையான இடர் என்பதைத் தமிழ் வகுப்பு மாணாக்கர் எழுவர் சென்ற வாரம் இட்ட தோசையைக் கண்டோர் ஒப்புவர்.

கீழ்த்தளத்து அறைகள் நான்கையும் சமையற்கூடத்தையும் வருகின்ற டிசம்பர் 24 முதல் திறந்துவைக்க இசைவு கோரி, முதல்வர் அவர்கட்கு விண்ணப்பம் ஒன்று வரைந்துள்ளோம். அது தமிழ்த் துறையின் அறிவிப்புப் பலகையருகே மேசைமீது இருக்கின்றது. பண்டிகையை வீட்டில் ஒருநாள் மட்டும் கொண்டாடிவிட்டுத் திரும்ப இசைவோர் அதிற் கையொப்பமிடுக. இதுவரை பதினொருவர் இட்டுள்ளனர்.