விடுமுறையில் சன்வே லகூன்



பள்ளி விடுமுறை விட்டால் போதும், எங்கள் சுங்கை வே வட்டாரச் சாலைகளில் கார்கள் நகர்வதே இல்லை. பாதிக் கூட்டம் சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவுக்குத்தான். 1990களில் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா பழைய ஈயச் சுரங்க நிலத்தில் அமைந்தது. மேலிருந்து பார்த்தால் தண்ணீர்ச் சறுக்குகள் பள்ளத்துக்குள் தெரிவது அதனால்தான்.

பிள்ளைகளைக் காரில் அடைத்துக்கொண்டு நிறுத்த இடம் தேடி அலைவானேன்? செத்தியா ஜெயாவில் கொமுட்டர் ரயிலைவிட்டு இறங்கினால், பிஆர்டி எனும் விரைவு மின்சாரப் பேருந்து நெரிசலுக்கு மேலே, தனிப் பாலத்தில் லகூனுக்குப் போகிறது. 2015 முதல் ஓடுகிறது. நம்மவர்கள் பலருக்கு இன்னும் தெரியவில்லை! விடுமுறை நாள்களில் கூடுதல் பேருந்துகள் விடுமாறு போக்குவரத்து அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை வே